வன்னிப் பிள்ளைக்கு யார் கதை சொன்னார்கள், தெரியுமா?

ஒரு பிள்ளை எத்தனை வயது வரை பிள்ளை? பிள்ளைக்கென்று தனியாக ஒரு புத்தகம் வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? பள்ளிக்கூடம் இல்லாத காலத்தில் பிள்ளைகள் என்ன கேட்டார்கள், என்ன விளையாடினார்கள், எப்போது பெரியவர்களானார்கள்? இந்தக் கேள்விகளைத் துரத்திக்கொண்டு போனால் காவிரிப்பூம்பட்டினம், லண்டன், சென்னை, யாழ்ப்பாணம் எல்லாம் சுற்றி, முல்லைத்தீவு நந்திக்கடல் கரையில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது! வாசித்துப் பாருங்கள். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உங்கள் வீட்டு முற்றத்தில் விளையாடும் பிள்ளைக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு நிற்கிறது என்று வியந்துபோவீர்கள்.

1. குதிரை இல்லாத மூன்று சக்கரத் தேர்!

விளையாட்டு வண்டி நேற்று வந்தது என்று நினைக்கிறீர்களா? சங்க இலக்கியமான பட்டினப்பாலையிலேயே அது உருள்கிறது! காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் நெல் காய்கிறது. அதைக் கொத்த வந்த கோழியை விரட்ட, வீட்டுப் பெண் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். அந்தக் குழை, பொற்காப்பு அணிந்த பிள்ளைகள் உருட்டி வரும் சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. தேருக்குச் சக்கரம் மூன்று. குதிரை கிடையாது. பிள்ளைதான் குதிரை! புலவர் நகரத்தின் செல்வத்தைக் காட்டத்தான் இதைச் சொன்னார். எங்களுக்கோ ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு விளையாட்டுப் பொருளின் விவரம் கிடைத்துவிட்டது. நுங்குக் கோம்பையைத் தடியில் கோத்து உருட்டும் வன்னிப் பிள்ளையும் இதே விளையாட்டைத்தான் விளையாடுகிறது.

2. அதே இலக்கியத்தில் வேல் ஏந்திய சிறுவனும் இருக்கிறான், தெரியுமா?

புறநானூற்றின் 279ஆவது பாட்டைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார், ஒரு பெண்பாற் புலவர். முந்தின நாள் போரில் கணவனை இழந்த ஒருத்தி, மறுபடி போர்ப்பறை கேட்டதும் தன் ஒரே மகனை அழைக்கிறாள். அவனுக்கு வெள்ளாடை உடுத்திவிடுகிறாள். பரட்டைக் குடுமியில் எண்ணெய் தடவி வாருகிறாள். கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். குடுமிக்கு எண்ணெய் தடவிவிடும் அந்தக் கை இன்னும் தாயின் கைதான் என்பதைப் புலவர் கவனித்திருக்கிறார் பாருங்கள்! ஒரே காலத்துத் தமிழ் உலகில் தேர் உருட்டும் பிள்ளையும் வேல் ஏந்தும் பிள்ளையும். வயதா பிள்ளைப்பருவத்தைத் தீர்மானித்தது? வீடும் காலமும் தீர்மானித்தன. இதை மனதில் வைத்திருங்கள். வன்னியின் கதைக்கு இது தேவைப்படும்.

3. பிள்ளைப்பருவத்தைப் பத்தாகப் பிரித்தவர்கள் யார்?

நாங்கள்தான்! 1960இல் பிலிப் ஆரியேஸ் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஒரு நூல் எழுதி உலகையே திடுக்கிட வைத்தார். இடைக்கால ஐரோப்பாவில் பிள்ளைப்பருவம் என்ற எண்ணமே இருக்கவில்லை, பிள்ளைகளைச் சின்ன உருவத்துப் பெரியவர்களாகவே பார்த்தார்கள் என்றார். பின்வந்த ஆய்வாளர் பலர் அதை மறுத்தார்கள் என்பது வேறு கதை. ஆனால் அதே இடைக்காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் பாடிவிட்டார்! காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று பத்துப் பருவங்கள். தவழ முயல்வது, கை தட்டுவது, நிலாவைக் கூப்பிடுவது என்று ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு பருவம். பெண்பிள்ளைக்குக் கடைசி மூன்றும் மாறி அம்மானை, நீராடல், ஊசல் என்று வரும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவை அரசனையும் தெய்வத்தையும் பிள்ளையாக்கிப் பெரியவர்கள் பாடிப் பெரியவர்கள் கேட்டவை. பிள்ளையைப் பற்றிய பாட்டு எங்களிடம் மலைபோலக் குவிந்திருந்தது. பிள்ளைக்கான பாட்டு அச்சில் வர இன்னும் பல நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

4. வன்னியின் மிகப் பெரிய கதையில் நாயகர்கள் மாடு மேய்க்கும் பொடியள்!

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் தெரியாத வன்னியார் உண்டா? நந்திக்கடல் கரையில் வைகாசிப் பொங்கலன்று கூடும் சனத்தைச் சொல்லி முடியாது. அந்தக் கோயில் பிறந்த கதையில் அரசன் இல்லை, அமைச்சன் இல்லை, புலவன் இல்லை. மாடு மேய்த்த சிறுவர்கள்தான் இருக்கிறார்கள்!

மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து, கிழவி வடிவில் இந்தக் கரைக்கு வந்தாள் என்பது ஐதீகம். பொடியள் அவளைக் கண்டு இரங்கி, குழை வெட்டிப் பந்தல் போட்டார்கள். பாலில் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். பொழுது பட்டது. விளக்கேற்ற வேண்டும். “எண்ணெய் இல்லையே ஆச்சி” என்றார்கள். “கடல் தண்ணியை அள்ளி ஊத்திக் கொளுத்துங்கோ மக்காள்” என்றாள் ஆச்சி. விளக்கு எரிந்தது! பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் என்றாள். மயிரை விலக்கிப் பார்த்த பிள்ளைகளுக்குத் தலை முழுக்க ஆயிரம் கண் தெரிந்தது. அவர்கள் திகைத்து நிற்க, ஆச்சி மறைந்துபோனாள்.

இன்றைக்கும் பொங்கலுக்கு முன் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் உப்புநீர் விளக்கேற்றுகிறார்கள். அந்தச் சடங்கு நடக்கும் ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளைக்கதை மறுபடி சொல்லப்படுகிறது. பேன் பார்ப்பதும் புக்கை காய்ச்சுவதும் மாட்டுப்பட்டியும் கலந்த இந்தக் கதையை ஏட்டுப் புலவர் யாரும் பிள்ளைகளுக்கென்று எழுதிக் கொடுக்கவில்லை. அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் சொல்லிச் சொல்லியே காத்தார்கள்.

5. 1658: ஒரே ஆண்டில் இரண்டு அதிசயம்!

1658இல் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் கொமேனியஸ் என்ற செக் நாட்டுக் கல்வியாளர். உலகத்துப் பொருட்களையெல்லாம் படமாகப் போட்டு, பக்கத்தில் பெயர் எழுதிய நூல் அது. பிள்ளைகளுக்கான முதற் படநூல்களில் ஒன்று என்று உலகம் இன்றும் கொண்டாடுகிறது. அதே 1658இல்தான் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள்!

பிடித்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கோயிற்பற்றுதோறும் பள்ளிக்கூடம் நடத்தி, பிள்ளைகளின் பெயரைப் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தார்கள். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்குத் தண்டப்பணம்! முந்நூறு ஆண்டுக்கு முன்பே கட்டாயக் கல்வி! ஆனால் படிப்பித்தது பெரும்பாலும் மதபோதனைதான். அந்தத் தோம்புக்கு ஒரு பிள்ளை என்றால் ஞானஸ்நானம் பெற்ற ஒரு பெயர். வன்னியோ வேறு உலகம். அங்கே வன்னியர் என்ற சிற்றரசர்கள் ஒல்லாந்தருக்குத் திறையாக யானை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பட்டியின் பின்னால் காடு சுற்றினார்கள்.

6. இங்கிலாந்துக்குப் பாடம் சொன்ன தமிழ்ப் பிள்ளைகள்!

இதை நம்புவது கடினம். ஆனால் உண்மை! 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பையன்களுக்கான இல்லமொன்றைப் பொறுப்பேற்றார் அன்ரூ பெல் என்ற பாதிரியார். நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டு வியந்தார். தாளும் மையும் வேண்டாம், பிழைத்தால் அழித்துவிட்டு மறுபடி எழுதலாம்! திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை போல, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797இல் அதை நூலாக எழுதி வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களில் எல்லாம் பரவியது! லண்டன் பிள்ளை மணற்பலகையில் எழுதப் பழகியதற்கு எங்கள் கரை மணல் காரணம். விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது தாம்பாளத்து அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிக்கிறோமே, அந்த விரற் பழக்கத்தின் உறவுதான் அது.

7. புத்தகம் வாங்கினால் பந்து இலவசம் போல!

1744இல் லண்டனில் ஜோன் நியூபெரி என்ற பதிப்பாளர் ஒரு சின்னஞ்சிறு புத்தகத்தை வெளியிட்டார். விலை ஆறு பென்ஸ். இன்னும் இரண்டு பென்ஸ் கொடுத்தால் பையனுக்கு ஒரு பந்து, பெண்பிள்ளைக்கு ஊசி குத்தி வைக்கும் பஞ்சணை! பிள்ளையை மகிழ்விக்கவும் புத்தகம் விற்கலாம் என்று காட்டிய துணிச்சல் அது. தமிழில்? 1826இல் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் தந்தார். 1840இல் நாகர்கோவிலிலிருந்து ‘பாலதீபிகை’ என்ற சிறுவர் இதழ் வந்தது. தமிழ்ப் பிள்ளைக்கென்று ஓர் இதழ், அதுவும் ஏறத்தாழ 185 ஆண்டுக்கு முன்!

8. நாவலர் பிள்ளைகளுக்கும் எழுதினார், தெரியுமா?

ஆறுமுக நாவலர் என்றதும் கண்டன நூலும் பிரசங்கமும் நினைவுக்கு வரும். அவரே பாலபாடமும் எழுதினார்! அதன் பின்னணியைக் கொஞ்சம் பாருங்கள். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும் 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையும் தொடங்கினார்கள். பருவமடைந்த கையோடு படிப்பும் விளையாட்டும் முடிந்து, குந்தும் குசினியுமாகிவிடும் காலத்தில் பெண்பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூட விடுதி!

நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மறு ஆண்டு அச்சுயந்திரம் நிறுவினார். பிறகு வந்தவைதான் அந்தப் பாலபாடங்கள். எளிய வசனம், படிப்படியாகக் கடினமாகும் பாடம், நிறுத்தற் குறிகள். இன்றைய பாடநூல் பார்க்கும் ஒழுங்கெல்லாம் அதில் இருந்தது. அந்தக் கால எண்ணப்படி பிள்ளை திருத்தி வளர்க்கப்பட வேண்டிய உயிர். ஆகவே நூல் முழுக்க ஒழுக்கம், கடவுள் பக்தி, சுத்தம், பணிவு. பிள்ளை சிரிக்க வேண்டும் என்று எண்ணும் காலம் இன்னும் வரவில்லை.

9. சிரிக்கவும் பாட்டு வந்தது: 1935!

வட இலங்கைத் தமிழாசிரியர் சங்கம் 1935இல் ‘பிள்ளைப்பாட்டு’ என்ற தொகுப்பை வெளியிட்டது. பிள்ளைகள் பாடி ஆடுவதற்கென்றே ஆசிரியர்கள் கூடிக் கொடுத்த பாட்டுக்கள்! அந்தத் தலைமுறையின் உச்சம் நவாலியூர் சோமசுந்தரப் புலவர். 1878இல் பிறந்து 1953இல் மறைந்தவர். ‘தங்கத் தாத்தா’ என்று நாடே கொஞ்சியது. அவர் எடுத்துக்கொண்ட பொருட்களைப் பாருங்கள்: ஆடிப்பிறப்பு நாளில் கூழும் கொழுக்கட்டையும் கிடைக்கும் குதூகலம், கத்தரித் தோட்டத்தில் நிற்கும் வெருளி! பிள்ளை தினமும் காணும் வெருளியையே பாட்டின் நாயகனாக்கினார். இதுதான் பெரிய திருப்பம். பிள்ளைக்குப் புத்தி சொல்ல நின்ற இலக்கியம் பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்தது. பாரதியார் 1915இல் ‘பாப்பா பாட்டு’ எழுதியபோது தொடங்கிய குனிவு, இங்கே யாழ்ப்பாணத்து வேலியும் தோட்டமுமாக வேர்விட்டது. பின்னர் நாவற்குழியூர் அம்பி 1969இல் ‘அம்பி பாடல்’ தந்தார். மட்டக்களப்பில் மாஸ்டர் சிவலிங்கம் முழு உடம்பாலும் கதை சொல்லிப் பிள்ளைகளை மயக்கினார்.

10. ஓராண்டில் இலங்கைப் பிள்ளைகள் பிழைத்த அதிசயம்!

1946இல் இலங்கையில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு 1,000 குழந்தைகளிலும் 141 குழந்தைகள் முதற் பிறந்தநாளைக் காணவில்லை. 1947இல் அந்த எண் 101 ஆயிற்று! ஒரே ஆண்டில்! மலேரியா நுளம்புக்கு டி.டி.ரி. அடித்தது, மருத்துவமனைகள் பெருகியது, மருத்துவிச்சிமார் கிராமங்களுக்குப் போனது என்று காரணங்கள் பல. எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வாளர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

வன்னிக்கு இது எப்படிப்பட்ட செய்தி என்று நினைத்துப் பாருங்கள்! காய்ச்சலுக்குப் பேர்போன காடும் குளமும் சூழ்ந்த நாடு இது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்து வேலை முடிய 1921 ஆயிற்று. 1930களில் கிளிநொச்சியில் குடியேறிய குடும்பங்கள் காட்டோடும் காய்ச்சலோடும் மல்லுக்கட்டின. பிழைக்குமோ பிழைக்காதோ என்று பயந்து பெற்ற பிள்ளைக்கு நேர்த்திக்கடன்தான் முதலில் வரும். கதைப்புத்தகம் எங்கே வரும்? இன்று இலங்கையில் அந்த எண் ஒற்றை இலக்கம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை ஒரு வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பிள்ளையின் நாளைக்கென்று எழுதவும் வாங்கவும் மனம் வருகிறது.

11. வயலிலிருந்து வகுப்புக்கு!

1945 ஒக்டோபர் 1இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா என்ற கல்வி அமைச்சரின் போராட்டம் அது. இலங்கை சிறுவர் தினம் கொண்டாடுவதும் ஒக்டோபர் 1இல்தான், கவனித்தீர்களா? 1980இல் இலவசப் பாடநூல் வந்தது. 1998இல் 5 முதல் 14 வயது வரை கல்வி கட்டாயமாயிற்று. 2016இல் அது 16 வயது வரை உயர்ந்தது.

சட்டம் ஒரு பக்கம், வயல் மறுபக்கம். காலபோக நெல் கதிர் தள்ளும் நாளில் விடியற்காலையில் தகரம் தட்டிக் குருவி கலைக்கப் போன பிள்ளைகள் எத்தனை! மாடு சாய்த்துக்கொண்டு வந்து முகம் கழுவிப் பள்ளிக்கூடம் ஓடியவர்கள் எத்தனை! உழைப்பும் விளையாட்டும் அந்தப் பிள்ளைகளுக்குப் பிரிந்து கிடக்கவில்லை. பரணில் இருந்தபடி கொக்கான் வெட்டினார்கள். வெட்டிய வயலில் கிளித்தட்டு மறித்தார்கள். இன்று தரம் 5 புலமைப்பரிசிலுக்காகப் பத்து வயதுப் பிள்ளை ரியூசனுக்கு ஓடுவதைப் பார்க்கும்போது, பிள்ளையிடம் நாங்கள் கேட்கும் வேலை மாறியிருக்கிறதே தவிர நின்றுவிடவில்லை என்று தோன்றுகிறது. விளையாடும் நேரத்தை அதற்குத் திருப்பிக் கொடுப்பதும் கல்விதான்.

12. ஜாம் போத்தல் வெளிச்சத்தில் ஒரு வாசகர் படை!

1947 ஜூலையில் சென்னையிலிருந்து ‘அம்புலிமாமா’ புறப்பட்டது. 1950இல் குரும்பசிட்டியிலிருந்து மு. க. சுப்பிரமணியத்தின் ‘வெற்றிமணி’ பிள்ளைகளைத் தேடி வந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு களமிறங்கியது. கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் போன பிறகும் வாசிக்கப்பட்ட புத்தகங்கள் அவை! முடிவுப் பக்கம் இல்லாவிட்டால் என்ன, முடிவைப் பிள்ளைகளே கட்டிக்கொண்டார்கள்.

போர் வந்தது. பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் போனது. அப்போது பிள்ளைகள் எதில் படித்தார்கள் தெரியுமா? ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது குடிக்கும் அளவுக்கு மண்ணெண்ணெய், நடுவே ஒரு திரி. காற்று அணைக்காமல் போத்தலே சுடரைச் சுற்றி நின்றது. மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளான காலத்தில், சொட்டு எண்ணெயில் இரவு முழுக்கப் படிக்க வழி கண்டுபிடித்த சமூகம் இது! அந்த விளக்கடியில் பாடக் கொப்பி எழுதியவர்கள் இன்று வைத்தியர்களாக, ஆசிரியர்களாக, எழுத்தாளர்களாக இருக்கிறார்கள்.

13. ஒரு நாடகாசிரியரின் பெயருக்கு முன்னே ‘குழந்தை’!

குழந்தை ம. சண்முகலிங்கம். 1931இல் பிறந்து 2025 ஜனவரியில் மறைந்த பேராளுமை. 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவியவர். ‘மண் சுமந்த மேனியர்’ எழுதியவரே ‘கூடி விளையாடு பாப்பா’வும் எழுதினார்! வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் பள்ளிக்கூட நாடகத்தை விட்டு, பிள்ளைகள் பாடி ஆடிக் கூடிக் கதை சொல்லும் சிறுவர் அரங்கை வளர்த்தார். கிழக்கிலும் இப்படி ஒன்று நடந்தது. போரில் காயப்பட்ட பிள்ளைகளுக்காக 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா திறந்தது. களிமண், வர்ணம், முகமூடி, கதை எல்லாம் அங்கே மருந்தாயின. வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளை விளையாட்டால் சொல்லும் என்பதைப் போர்தான் எங்களுக்குக் கற்றுத்தந்தது.

14. ‘18’ என்ற எண் வன்னியில் என்ன பொருள் கொண்டது?

1924இல் ஜெனீவாவில் சிறுவர் உரிமைப் பிரகடனம். 1989 நவம்பர் 20இல் ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயம்: 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லோரும் பிள்ளைகள்! 1991இல் இலங்கை அதை ஏற்றது. 1995இல் பொதுச் சட்டத்தின் கீழ்த் திருமண வயது 18 ஆயிற்று. காகிதத்தில் பிள்ளைப்பருவம் நீண்டுகொண்டே போனது.

அதே ஆண்டுகளில் வன்னியில் அது வெட்டுப்பட்டுக்கொண்டிருந்தது. 18 வயது நிரம்பாதவர்களை விடுதலைப் புலிகள் படையில் சேர்த்ததை யுனிசெவ் தொடர்ந்து பதிவு செய்தது. விடுவிக்கப்படும் பிள்ளைகளுக்காக 2003 ஒக்டோபரில் கிளிநொச்சியில் ஓர் இடைத்தங்கல் நிலையம் திறக்கப்பட்டது. 2006 ஓகஸ்ட் 14இல் முல்லைத்தீவு வள்ளிபுனத்தில் விமானக் குண்டுவீச்சில் பாடசாலை மாணவிகள் பலர் கொல்லப்பட்டார்கள். 2009இல் புதுமாத்தளன் பள்ளிக்கூடம் தற்காலிக மருத்துவமனையாகிக் காயப்பட்ட பிள்ளைகளால் நிறைந்தது. தப்பியவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்குப் போனார்கள். அங்கேயும் பள்ளிக்கூடம் நடந்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் அந்தப் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையும் எழுதினார்கள்! ஒக்கூர் மாசாத்தியார் பாடிய சிறுவனை வீரம் என்று கொண்டாடிய நாங்கள், இன்று அவனைப் பிள்ளை என்று முதலில் சொல்லக் கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்துக்கு வன்னி கொடுத்த விலையை எந்தப் பிள்ளையும் மறுபடி கொடுக்கக் கூடாது.

15. பிள்ளைகளே எழுதிய 1,250 முடிவுகள்!

சிபில் வெத்தசிங்க. சிங்களச் சிறுவர் இலக்கியத்தின் பெரியம்மா. குடை என்றால் என்னவென்றே தெரியாத கிராமத்தில் குடை களவு போகும் கதையை 1956இல் எழுதிப் படமும் தானே வரைந்தார். ஜப்பான் வரை போய்ப் பரிசு வாங்கிய கதை அது! 2020இல், தமது 92ஆவது வயதில், ஒரு கதையைத் தொடங்கி முடிவைப் பிள்ளைகளிடமே விட்டார். நாடெங்குமிருந்து பிள்ளைகள் எழுதி அனுப்பினார்கள். தேர்ந்தெடுத்த 1,250 முடிவுகளோடு புத்தகம் வெளிவந்தது. கின்னஸ் சாதனை! அந்த ஆண்டே அவர் காலமானார். பிள்ளையைப் பற்றிப் பாடினோம். பிறகு பிள்ளைக்குப் பாடினோம். பிள்ளையே கதை கட்ட, பெரியவர் அச்சடித்துக் கொடுக்கும் மூன்றாம் காலம் இதோ எங்கள் தீவிலேயே தொடங்கிவிட்டது!

16. அப்படியானால் வன்னியில்?

பெரியவர்களுக்கான வன்னி எழுத்து ஓங்கி வளர்ந்திருக்கிறது. தாமரைச்செல்வியின் ‘பச்சை வயல் கனவு’ கிளிநொச்சி மண் கழனியான கதையைச் சொல்கிறது. தீபச்செல்வனின் ‘நடுகல்’ போருக்குள் வளர்ந்த பிள்ளைகளின் நினைவைச் சொல்கிறது. இரண்டையும் வளர்ந்த பிறகு வாசிக்கலாம். ஏழு வயதில் வாசிக்க என்ன இருக்கிறது? இரணைமடு வான் பாயும்போது மீன் பிடிக்க ஓடும் பிள்ளை, வயலுக்குள் யானை இறங்கிய இரவு, சூடு மிதிக்கும் களம், அப்பப்பாவின் உழவு இயந்திரம், ஆயிரம் கண் ஆச்சி என்று படநூலாகக் காத்திருக்கும் விடயங்கள் ஒன்றா இரண்டா!

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. தரம் 3, தரம் 4 ஆசிரியர் ஒருவர் வகுப்புக்கு ஒரு கொப்பி வைக்கட்டும். வாரத்துக்கு ஒரு பிள்ளை, வீட்டில் அம்மம்மாவிடம் கேட்ட ஒரு கதையைத் தன் பேச்சிலேயே எழுதிப் படம் கீறட்டும். எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், பேச்சைத் திருத்தாதீர்கள். சனசமூக நிலைய வாசிகசாலைகள் அந்தக் கொப்பிகளைத் தைத்து அலுமாரியில் வைக்கட்டும், பக்கத்துக் கிராமத்துக்கு இரவல் கொடுக்கட்டும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த இழப்பை அறிந்த சமூகம் 2005இல் இணையத்தில் நூலகம் ஒன்றை எழுப்பி, இன்று ஈழத்து எழுத்தை ஆயிரக்கணக்கில் காக்கிறது. பிள்ளைகளின் கொப்பிகளும் அங்கே போய்ச் சேரட்டும். வரும் ஒக்டோபர் 1ஆம் திகதி சிறுவர் தினத்துக்கு இனிப்போடு சேர்த்து, வன்னிப் பிள்ளைகள் எழுதிய ஒரு புத்தகத்தையும் வன்னிப் பிள்ளைகளின் கையில் கொடுப்போம்!